சப்ஸ்டேஷனுக்குள் ஒரு கடிகாரம்

"சப்ஸ்டேஷனில் செம்புக் கேபிளை எடுத்துவிட்டு மெல்லிய கண்ணாடி இழை போடுகிறார்களாமே, அதில் எப்படி கரண்ட் போகும்?" என்று ராதாபுரம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார். கரண்ட் போகாது. கரண்ட் எவ்வளவு என்ற கணக்கு மட்டும்தான் போகும்.

பழைய முறையில், யார்டில் (திறந்தவெளிப் பகுதியில்) இருக்கும் சி.டி., அதாவது கரண்ட் டிரான்ஸ்பார்மர், பெரிய மின்னோட்டத்தை 1 அல்லது 5 ஆம்பியர் அளவுக்குக் குறைத்து, கண்ட்ரோல் ரூம் ரிலேவுக்குச் செம்புக் கம்பியில் அனுப்பும். கோளாறு தெரிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் காவல் பெட்டிதான் ரிலே. டிஜிட்டல் சப்ஸ்டேஷனில் மெர்ஜிங் யூனிட் என்ற பெட்டி யார்டிலேயே அதை எண்ணாக மாற்றிவிடும். நம் 50 ஹெர்ட்ஸுக்கு வழக்கமாக நொடிக்கு 4000 அளவீடுகள். ஐ.இ.சி. 61850 என்ற சர்வதேசத் தரம் இருப்பதால், வெவ்வேறு கம்பெனிப் பெட்டிகளும் ஒரே மொழி பேசும்.

சரி, சிக்கல் எங்கே? டிரான்ஸ்பார்மருக்குள் போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் டிஃபரன்ஷியல் ரிலே ஒப்பிடும்; கணக்கு இடித்தால் உள்ளே கோளாறு என்று எடுத்துக்கொள்ளும். இரு பக்கமும் வேறு வேறு பெட்டிகள். அவற்றின் கடிகாரங்கள் 1 மில்லி செகண்ட் பிசகினாலே அலை 18 டிகிரி தள்ளிப்போகும்; சுமார் 31 சதவீத மின்னோட்டம் காணாமல் போனதுபோல் கணக்கு காட்டும். பணகுடிக் காற்றாலைகள் ஆடிக் காற்றில் முழு வீச்சில் சுற்றும் நேரத்தில், நல்ல டிரான்ஸ்பார்மரை ரிலே ட்ரிப் செய்துவிடக்கூடும்.

அதனால் பிசகு 1 மைக்ரோ செகண்டுக்குள் இருக்க வேண்டும். நேரத்தைச் சொல்லும் செய்தி போய்ச் சேரவே அதைவிட அதிக நேரம் ஆகுமே? இங்கேதான் எனக்குப் பிடித்த தந்திரம். எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான தலைமைக் கடிகாரம் தன் நேரத்தைக் குறித்து அனுப்புகிறது. பெட்டியின் கடிகாரப்படி அது 12 மைக்ரோ செகண்டில் வந்து சேர்கிறது. பெட்டி தன் நேரத்தைக் குறித்துத் திருப்பி அனுப்பியது, தலைமைக் கடிகாரப்படி 8-இல் போய்ச் சேர்கிறது. பாதை ஒன்றுதான், அப்புறம் ஏன் வித்தியாசம்? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 10: அது பயண நேரம். கழித்துப் பாதியாக்கினால் 2: பெட்டியின் கடிகாரம் அவ்வளவு முந்துகிறது. பள்ளிக்கூடத்துச் சமன்பாடுதான்! தலைமைக் கடிகாரத்தோடு தொடர்பு அறுந்தால், ஒவ்வொரு அளவீட்டிலும் அதற்கான குறி ஏறிவிடும். ரிலே அந்த ஒப்பீட்டையே நிறுத்திவைக்கும்.

அளவெல்லாம் எண்ணான பிறகு ரிலே தனிப் பெட்டியாக இருக்க வேண்டியதில்லை. பல ரிலேக்கள் ஒரே சர்வரில் மென்பொருளாக ஓடலாம். அது படுத்தால் தாங்க இன்னொரு சர்வர் வேண்டும். மெய்நிகர் சப்ஸ்டேஷன் என்பது இதுதான். பிரேக்கரும் டிரான்ஸ்பார்மரும் இரும்பாகவேதான் நிற்கும்.

கண்ட்ரோல் பேனலுக்கு எலுமிச்சம்பழம் வைப்பதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ரிலேவைச் சோதித்தும் பார்க்க வேண்டும். இந்த ரிலேவைச் சோதிக்க உயர் மின்னழுத்தமே தேவையில்லை. சில கணினிகள், அவற்றை இணைக்க ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச், துல்லியமான கடிகாரம் போதும். நெல்லை அரசு பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு அப்படி ஓர் ஆய்வகம் அமைக்க அரசு பணம் ஒதுக்கலாம்.