முதலில் காதில் விழுந்த வரி

சர்க்கரை நோய் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். பெரும்பாலான மனநோய்களுக்கு அப்படி ஒரு பரிசோதனை இன்றும் கிடையாது. நோயாளி சொல்வதும் மருத்துவர் கவனிப்பதும்தான் ஆதாரம். அதனால் மருத்துவர் முன்கூட்டியே எதை எதிர்பார்க்கிறாரோ, அது முடிவிலும் நுழைந்துவிடுகிறது.

1968ல் அமெரிக்க உளவியலாளர் மாரிஸ் டெமர்லின் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். மனநலத்தில் ஒரு குறையும் இல்லாத கணித அறிஞர் போல ஒரு நடிகரைப் பேசவைத்து ஒலிப்பதிவு செய்திருந்தார். பதிவைக் கேட்கும் முன், துறையில் பெரிய பெயர் எடுத்த ஒருவர் போகிற போக்கில் சொல்வார்: பார்த்தால் லேசான மனச்சிக்கல் போலத் தெரியும், உண்மையில் இவருக்குத் தீவிர மனநோய். அவ்வளவுதான். 25 மனநல மருத்துவர்களில் 15 பேர் தீவிர மனநோய் என்றே எழுதினார்கள். நலமாக இருக்கிறார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த வரியைக் கேட்காத குழுக்களிலோ, தீவிர மனநோய் என்றவர் ஒருவரும் இல்லை.

இதைவிட வேடிக்கை, அதே வரியைக் கேட்ட உளவியல் மாணவர்களில் சுமார் 11 சதவீதம் பேர்தான் தீவிர மனநோய் என்றார்கள். அறிகுறிகள் மனப்பாடமாக இருப்பவருக்கு எந்தப் பேச்சிலும் ஏதோ ஒன்று சிக்கும் என்று நினைக்கிறேன். தயங்கினால் மறைக்கிறார், சரளமாகப் பேசினால் படபடப்பு.

பெரிய மனிதர் யாரும் காதில் ஓதத் தேவையில்லை, படித்த ஊரின் பழக்கமே போதும். 1971ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு நோயாளியின் வீடியோவை இரண்டு நாட்டு மருத்துவர்களுக்குக் காட்டினார்கள். அமெரிக்கர்களில் 69 சதவீதம் பேர் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா, நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் தீவிர மனநோய்) என்றார்கள், பிரிட்டிஷ்காரர்களில் 2 சதவீதம் பேர். அமெரிக்காவில் அன்று மனச்சிதைவின் வரையறை அவ்வளவு அகலம். நோயின் பெயர் மாறினால் மருந்தும் மாறும். மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறிமாறிப் போகும் இருதுருவக் கோளாறு உள்ளவரை மனச்சிதைவு என்று எழுதிவிட்டால், அவருக்கு வேலை செய்யக்கூடிய லித்தியம் என்ற மருந்து கைக்கு வராமலே போகலாம்.

சரி, அளவுகோலை இறுக்கினால்? 1980ல் வந்த டிஎஸ்எம்-3, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு, அதைத்தான் செய்தது. எந்த நோய்க்கு எத்தனை அறிகுறி, எவ்வளவு காலம் என்று வரையறுத்தது. குழப்பம் குறைந்தது, ஆனால் தீரவில்லை. 1988ல் லோரிங், பவல் என்ற இரு ஆய்வாளர்கள் 290 மனநல மருத்துவர்களிடம் நோயாளிக் குறிப்புகளைக் கொடுத்தார்கள். நோயாளியின் இனத்தையும் பாலினத்தையும் மட்டும் மாற்றினார்கள், மற்றதெல்லாம் அப்படியே. புதிய அளவுகோல் கையில் இருந்தும், கறுப்பினத்தவர் என்று போட்ட குறிப்புகளில் வன்முறையும் ஆபத்தும் அதிகமாகத் தெரிந்தன.