ஹால்மார்க்: தமிழில் என்ன சொல்வது?

பழைய ஆங்கிலேய வெள்ளிக் கரண்டி ஒன்று கையில் கிடைத்தால் காம்பைத் திருப்பிப் பாருங்கள். பொடிப்பொடியாக வரிசையாய்ச் சில குத்துகள் இருக்கும்: நடக்கிற சிங்கம், நங்கூரம், கட்டத்துக்குள் ஓர் எழுத்து, பக்கவாட்டில் ஒரு அரச முகம், அப்புறம் இரண்டு முதலெழுத்துகள். இந்த மொத்த வரிசைக்கும்தான் ஹால்மார்க் என்று பெயர்.

ஹால் என்றால் கூடம். எந்தக் கூடம்? லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் கோல்ட்ஸ்மித்ஸ் ஹால். வெள்ளி ஸ்டெர்லிங் தரத்துக்கு, அதாவது ஆயிரத்தில் 925 பங்குக்குக் குறையக் கூடாது என்று 1300-லேயே முதலாம் எட்வர்ட் காலத்தில் சட்டம் வந்துவிட்டது, ஆனால் அப்போது சங்கத்துப் பெரியவர்கள்தான் பட்டறை பட்டறையாகப் போய்ச் சோதித்து முத்திரை குத்தினார்கள். 1478-ல் இது தலைகீழானது. பொருளைக் கூடத்துக்கே கொண்டுவர வேண்டும் என்றானது. கூடத்தில் குத்தியதால் ஹால்மார்க், அவ்வளவுதான். அதே ஆண்டில் ஆண்டெழுத்தும், அதாவது ஆண்டுக்கு ஆண்டு மாறும் அந்தக் கட்டத்துக்குள் எழுத்தும், வந்தது. இன்று பொருளின் வயதைச் சொல்ல நாம் நம்பியிருக்கும் அந்த எழுத்தை அதற்காக வைக்கவே இல்லை. தரம் குறைந்த பொருள் பின்னாளில் பிடிபட்டால், எந்தச் சோதகர் பொறுப்பில் இருந்தபோது அது தப்பியது என்று கண்டுபிடிக்கத்தான் வைத்தார்கள். சோதித்தவரையும் கேள்வி கேட்க வழி வைத்திருந்தார்கள், எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

சரி, தமிழில்? 'கூட முத்திரை' என்றால் யாருக்கும் புரியாது. 'தர முத்திரை' என்று பலர் எழுதுகிறார்கள், தப்பில்லை, ஆனால் சிமென்ட் மூட்டைக்கும் மின்விசிறிக்கும் அதே சொல்தான். உலோகத்தின் தூய்மைக்கு நம்மிடம் 'மாற்று' என்ற அருமையான சொல் இருக்கும்போது, 'மாற்று முத்திரை' என்பதே பொருத்தம் என்பேன். சோதிப்பவருக்கும் சொல் உண்டு: வண்ணக்கர். சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே வண்ணக்கன் என்று வரும். முதலெழுத்துக் குத்தைச் 'செய்தவர் முத்திரை' என்று சொல்லலாம். லண்டனில் ஹெஸ்டர் பேட்மன் என்ற பெண்மணி 1761-ல் பதிவு செய்த எச், பி என்ற சாய்வெழுத்துகளைத் தேடி அலைபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அந்த முதலெழுத்து யாருடையது என்பதைத்தான் காட்டும், வெள்ளி சுத்தமா என்பதைக் காட்டாது.

மேலே சொன்ன கரண்டியையே படித்துப் பார்ப்போம். சிங்கம் என்றால் ஸ்டெர்லிங். நங்கூரம் என்றால் பர்மிங்காம், அங்கே சோதனைச் சாலை திறந்தது 1773-ல். அரச முகம் வரி கட்டியதற்கு அடையாளம், 1784 முதல் 1890 வரைதான் அது உண்டு. ஆக, ஆண்டெழுத்தைத் தொடும் முன்பே ஏறக்குறைய நூறு வருடத்துக்குள் வந்துவிட்டோம். எழுத்தைக் கடைசியில் பாருங்கள், ஏனென்றால் அகர வரிசை முடிந்ததும் அதே எழுத்து திரும்ப வரும். எழுத்தின் வடிவமும் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவமும் சேர்ந்துதான் ஆண்டைச் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. இ, பி, என், எஸ் என்று நாலு எழுத்து தனித்தனிக் கட்டத்தில் இருந்தால் பார்வைக்கு மாற்று முத்திரை மாதிரியே தெரியும். அது நிக்கல் கலவைமேல் வெள்ளி முலாம். சிங்கம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.