மாடிக்கு விட்ட கம்பியை மடக்காதீர்கள்

சிவதாபுரத்தில் ஒரு வீட்டில் மேல்மாடி எடுக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். மொட்டை மாடிக்குப் போனால், பில்லருக்காக விட்டிருந்த 16 எம்எம் கம்பிகள் அத்தனையும் தளத்தோடு தளமாக மடங்கிக் கிடந்தன. வடகம் காயவைக்க இடைஞ்சலாக இருந்ததாம். இரண்டு பேர் இரும்புக் குழாயை மாட்டி அவற்றை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். நிமிர்த்திய ஒன்றின் மடிப்பில் விரலை ஓட்டினேன். கம்பிமேல் புடைத்திருக்கும் வரிகளின் அடியில் மயிரிழை வெடிப்பு நகத்தில் தட்டுப்பட்டது. வேலையை நிறுத்தச் சொன்னேன்.

வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். "காய்ச்சி நிமித்துனா போச்சுங்களே சார், வெள்ளிக் கம்பிய நாங்க அப்படித்தானே செய்யறோம்?" என்றார்.

நியாயமான கேள்வி. வெள்ளியைச் சிறு துளை வழியே இழுக்க இழுக்க விறைத்துக்கொள்ளும். நெருப்பில் காட்டினால் இளகும், அப்புறம் இன்னும் மெல்லிசாக இழுக்கலாம். இரும்பும் வளைத்தால் விறைக்கும்தான். ஆனால் கட்டடத்துக்குப் போடும் இந்த டி.எம்.டி. கம்பிக்கு வலு வந்த வழி வேறு. ஆலையில் செக்கச்செவேலென்று வரும் கம்பிமேல் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். மேல்தோல் கெட்டியாகும், நடுப்பகுதி இளக்கமாக இருக்கும். கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சினால் அந்தத் தோலின் வலு போய்விடும்.

சரி, காய்ச்சாமல் நிமிர்த்தினால்? எஃப்.இ. 500 என்ற வலுத் தரத்தில் வரும் கம்பியை இழுத்தால் மீட்டருக்குச் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளும்வரை, விட்டதும் பழைய நீளத்துக்கே வந்துவிடும். 16 எம்எம் கம்பிக்கு அது ஏறக்குறைய 10 டன் இழுப்பு. அதைத் தாண்டினால் நீண்டது நீண்டதுதான். அப்போதும் சட்டென்று அறுந்துவிடாமல் இழுபட்டுக்கொண்டே போகும். நிலம் அதிரும்போது கட்டடம் ஒரேயடியாகச் சரியாமல் தாக்குப்பிடிப்பதற்கு அந்த இழுவை மிச்சம் வேண்டும். குழாய் மாட்டி ஒரே இடத்தில் மடக்கி, மறுபடி நிமிர்த்தும்போது அந்த மிச்சத்தை மொட்டை மாடியிலேயே செலவழித்துவிடுகிறோம். கம்பி பார்வைக்கு நேராக நிற்கும். மடிப்பு இருந்த இடம் மட்டும் விறைத்து, நொறுங்கத் தயாராக இருக்கும்.

அந்த வீட்டில் மடங்கிய கம்பிகளை வெட்டிவிட்டு, பில்லரில் ஆழமாகத் துளையிட்டு, ரசாயனப் பசை ஊற்றிப் புதுக் கம்பி நட்டோம். தேவையே இல்லாத செலவு. முதலிலேயே கம்பியை நேராக விட்டு, சிமெண்ட் பால் அடித்து, சுற்றிலும் வலு குறைந்த கலவையால் மூடியிருந்தால் துருவும் பிடித்திருக்காது. மேலே எடுக்கும் நாளில் அந்தக் கலவையைச் சுத்தியலால் தட்டினாலே உதிர்ந்துவிடும்.