நுவரெலியாக் குளிர் லாவெண்டருக்குப் போதுமா?

ஜனவரி விடியலில் நுவரெலியாவில் புல் எல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். இந்தக் குளிருக்கு லாவெண்டர் தானாகப் பூக்கும் என்று நம்பி விதைப் பக்கெட் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். செடி வளரும், இலை மணக்கும், பூ மட்டும் லேசில் வராது.

அந்தப் பக்கெட்டில் அநேகமாக இருப்பது அங்குஸ்டிபோலியா இனம். மன்ஸ்டெட், ஹிட்கோட் எல்லாம் அதன் வகைகள்தான். மத்தியதரைக் கடல் நாடுகளின் மலைச்சரிவுதான் அதற்குச் சொந்த ஊர், அங்கே குளிர்காலம் வந்தால் வாரக்கணக்கில் விடாது. 5 பாகை செல்சியஸை ஒட்டிய குளிரில் அப்படிக் கிடந்த பிறகுதான் குருத்து நுனி பூக்கத் தயாராகும், அப்புறம் கோடையின் நீண்ட பகலும் கிடைத்தால் நன்றாகப் பூத்துத் தள்ளும். நம்மிடமோ விடியலில் உறைபனி, மதியத்தில் 20 பாகை வெயில், பகலும் வருசம் முழுக்க ஏறத்தாழ 12 மணி நேரம். குளிர்காலம் வந்து போனதே செடிக்குத் தெரியாது.

அதனால் மலையகத்து வீட்டுத் தோட்டத்துக்கு என் தேர்வு டென்டாட்டா என்ற இன்னொரு லாவெண்டர் இனம். இலையின் ஓரம் அரம் போலப் பல் பல்லாக இருக்கும், பார்த்ததும் அடையாளம் தெரியும். இதற்குக் குளிர்காலமே தேவையில்லை, மிதமான காலநிலையில் வருசத்தில் பல மாதம் பூக்கும். மணத்தில் கற்பூர நெடி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். வாசனைப் பைக்கு அங்குஸ்டிபோலியாதான் உசத்தி, சரி, பூக்காத உசத்தியை வைத்து என்ன செய்வது? பூவை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். மணம் அதிகம் வருவது இதழிலிருந்து அல்ல, அதைத் தாங்கும் சின்னக் குழாய் போன்ற புல்லியிலிருந்துதான். அதன் வரிகளுக்கு நடுவே, மயிர்களுக்குள் மறைந்து, எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன.

அடுத்த சிக்கல் மண். தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண்ணின் பிஎச் 4.5 முதல் 5.5 வரை, லாவெண்டருக்கு 6.5க்கு மேல் வேண்டும். புளிப்பைக் குறைக்க, தேயிலைத் தோட்டத்தில் போடுகிற அதே டொலமைட் சுண்ணாம்புத் தூளைக் கலந்து சில வாரம் விட்டு நடலாம். ஆனால் செடியைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். ஈரம் தேங்கினால் மூச்சு முட்டும் வேரை பைட்டோப்தோரா என்ற வேரழுகல் கிருமி பிடித்துக்கொள்ளும், அதன் வித்துகள் மண்நீரில் நீந்தியே வேரைத் தேடிப் போகக்கூடியவை. மே முதல் செப்டெம்பர் வரை மழை கொட்டும் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் கூரைக்குக் கீழே, வெயில் படும் இடத்தில் மண்சட்டியில் வைப்பதே நல்லது. அதே மாதங்களில் காய்ந்து கிடக்கும் வெலிமடை, பண்டாரவளைக்காரர்களுக்கு யோகம். சரளைக்கல் கலந்த மேட்டில் நட்டு, பக்கத்தில் கான் வெட்டிவிட்டால் போதும், அங்கே ஒக்டோபரில் தொடங்கும் மழையையும் தாங்கும். எருவை அள்ளிக் கொட்டாதீர்கள், இலைதான் கொழுக்கும்.

கவ்வாத்து விசயத்தில் தேயிலைப் பழக்கம் உதவாது. தேயிலையைக் கட்டையாக வெட்டினாலும் தண்டில் உறங்கும் மொட்டுகள் துளிர்த்துவிடும், லாவெண்டரின் முதிர்ந்த கட்டையோ அநேகமாகத் துளிர்க்காது. பூத்து முடிந்ததும் பச்சைப் பகுதியில் மட்டும் வெட்டுங்கள். வெட்டியதில் பூக்காத நுனிகளை எடுத்து, அடி இலைகளை உருவி, மணல் கலந்த தவறணைப் பையில் குத்தி நிழலில் வைத்தால் சில வாரத்தில் வேர் பிடிக்கும்.