பிடித்த பிடி விடாத கை: மூன்றெழுத்து பெருகும் நோய்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். தாத்தாவுக்கு நாற்பத்தைந்திலேயே கண்ணில் புரை. மகள் பால் வெட்டும் கத்தியை இறுகப் பிடித்தால் விரல்கள் உடனே விரியாது. நாலைந்து முறை மூடித் திறந்தால்தான் இளகும். அவள் பெற்ற பிள்ளையோ துவண்டு பிறந்தது, பால் உறிஞ்சவும் தெம்பில்லை. லயத்தில் இதை மூன்று தனித்தனிக் கஷ்டமாகத்தான் பேசுவார்கள். மூன்றும் ஒரே நோயாக இருக்கலாம்: மயோடோனிக் டிஸ்ட்ரோபி, முதல் வகை. பரம்பரையாக வரும் தசை நோய் இது.

19ஆம் குரோமோசோமில் உள்ள டிஎம்பிகே மரபணுவின் கடைசிப் பகுதியில் 'சிடிஜி' என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்து வருகிறது. 5 முதல் 34 தடவை வந்தால் தொல்லையில்லை. 50ஐத் தொட்டால் நோய். 150 வரை பெரும்பாலும் புரையோடு நிற்கும். பல நூறானால் தசை, இதயம். ஆயிரம் தாண்டினால் பிறவியிலேயே தாக்கும், அதுவும் அநேகமாகத் தாய்வழி. இது 1992இல் தெரியவந்தது.

தலைமுறைக்குத் தலைமுறை எண்ணிக்கை ஏன் ஏறுகிறது? ஒரு நிரையில் மரம் எண்ணுகிறவர் நடுவில் கவனம் தப்பினால், எல்லா மரமும் ஒன்றுபோல் இருப்பதால், எண்ணிய மரத்தையே மறுபடி எண்ணுவார். டிஎன்ஏவிலும் அப்படித்தான். இழை நழுவி, கூடுதல் துண்டு கொண்டை ஊசிபோல் மடிந்து நிற்கும். பிழை திருத்தும் எம்எஸ்எச்3 புரதம் அதைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் வெட்டி எறியாமல், சேர்த்தே தைக்க வழிசெய்துவிடுகிறது. இந்தப் புரதம் இல்லாத எலிகளில் பெருக்கம் நின்றுபோனது. அதனால்தான் இதை அடக்கும் மருந்தைத் தேடுகிறார்கள். பெருக்கம் வாழ்நாள் முழுக்க நடக்கும், தசையில் இரத்தத்தைவிட அதிகமாக. ஆகவே இரத்தத்தில் கண்ட எண்ணை வைத்து நோயின் கடுமையை அளந்துவிட முடியாது.

இந்த எழுத்துகள் புரதமாக மாறுவதில்லை. கேடு செய்வது மரபணுவிலிருந்து எடுக்கப்படும் ஆர்என்ஏ நகல். நீண்ட நகல் உட்கருவிலேயே சிக்கி, ஆர்என்ஏ செய்திகளைச் சரியாக வெட்டி ஒட்ட உதவும் எம்பிஎன்எல் புரதங்களை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அவை இல்லாமல் தசையின் குளோரைடு வாயிலுக்கான செய்தி தப்பும் தவறுமாக வெட்டி ஒட்டப்படும். வாயில் குறைந்தால் தசையின் மின்துடிப்பு அடங்காது. பிடித்த கை விடாது.

சோதனைக்கு, இரத்தம் உறையாமல் காக்கும் ஈடிடிஏ குழாயில் சில மில்லிலிட்டர் இரத்தம் போதும். சிக்கல் அதைப் படிப்பதில் இருக்கிறது. டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் சாதாரண பிசிஆர் நூற்றுச் சொச்சத்துக்கு மேல் நகலெடுக்கத் திணறி, தாய் தந்தை வழி வந்த இரண்டில் நல்ல பிரதியை மட்டும் காட்டும். வரைபடத்தில் ஒரே முகடு தெரிந்தால் நோயில்லை என்று எழுதிவிடக் கூடாது. நகலெடுப்பைத் தொடங்கும் துண்டு தொடருக்குள்ளேயே பல இடத்தில் ஒட்டும் டிபி-பிசிஆர் முறையில் செய்தால் சிறு முகடுகள் படிப்படியாக இறங்கி நீளும். பெருக்கம் இருப்பது உறுதி. அளவு வேண்டுமானால், டிஎன்ஏ துண்டின் நீளத்தை அளக்கும் சதர்ன் பிளாட் சோதனை.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கிளினிக் கெசிஹத்தானில் (அரசு சுகாதார மருந்தகம்) மூன்று தலைமுறை அறிகுறிகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆண்டுக்கொரு தடவை ஈசிஜி அவசியம், இதயத்தின் மின்னோட்டம் சத்தமில்லாமல் தடைபடலாம். எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னும், தாத்தாவின் புரை ஆப்பரேஷன் உட்பட, மயக்க மருத்துவரிடம் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள்: தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்ஸமெத்தோனியம் மருந்தைக் கொடுத்தால் தாடையே இறுகிப்போகலாம், வழக்கமான மயக்க மருந்து அளவிலேயே மூச்சு தளரலாம்.