சொல் விளக்கம்: வெல்ஃபேர் ஸ்டேட்

தேர்தல் நெருங்கினால் தமிழில் ஒரு சண்டை தவறாமல் வரும். மிக்சியும் கிரைண்டரும் மகளிருக்கு மாதாமாதம் வரும் பணமும் இலவசமா, நலத்திட்டமா? “ஸ்வீடனில் கொடுக்கவில்லையா?” என்று ஒருவர் கேட்பார். “அது குட்டி நாடு, அங்கே நடக்கும், இங்கே நடக்காது” என்று இன்னொருவர் முடித்துவிடுவார். இருவர் கையிலும் இருப்பது ‘வெல்ஃபேர்’ என்ற ஒரே சொல். வடக்கு ஐரோப்பாவில் அந்தச் சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று இருவருமே பார்ப்பதில்லை.

முதலில் வேர். ‘வெல்’ என்றால் நன்றாக. ‘ஃபேர்’ என்றால் போதல், பயணப்படுதல். பஸ் கட்டணத்துக்குச் சொல்லும் ‘ஃபேர்’, வழியனுப்பு விழாவுக்குச் சொல்லும் ‘ஃபேர்வெல்’ எல்லாம் இந்த வேரில் வந்தவை. பழைய நார்ஸ் மொழியில் ‘வெல்ஃபெர்த்’. இன்றைய டேனிஷ், ஸ்வீடிஷ், நார்வேஜிய மொழிகளிலும் சிறு மாற்றங்களோடு அதே சொல்தான். வாழ்க்கை நல்லபடியாகப் போவது, அவ்வளவே. நாமும் “எப்படிப் போய்க்கிட்டிருக்கு?” என்றுதானே கேட்கிறோம்.

உறுப்பு உறுப்பாகப் பெயர்த்தால் ‘நற்கதி’ என்று வரும். ‘கதி’யும் போக்குதான். ஆனால் நற்கதியை நாம் இறந்தவர்களுக்கு ஒதுக்கிவிட்டோம். உயிரோடு இருப்பவருக்கு அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். கதியற்றவர் ‘அகதி’ என்பது மட்டும் புழக்கத்தில் நிற்கிறது.

பின்லாந்தின் கதை வேறு. ஃபின்னிஷ் மொழி இந்த ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. அவர்கள் பக்கத்து வீட்டுச் சொல்லைக் கடன் வாங்காமல் ‘ஹூவின்வொய்ன்டிவால்டியோ’ என்று தங்கள் மொழிச் சொற்களாலேயே கட்டிக்கொண்டார்கள். நன்றாயிருத்தல் என்பதோடு அரசு என்பதைச் சேர்த்த சொல். பயணம் போய்விட்டது, நலம் நின்றது. “நலம், நலமறிய ஆவல்” என்று கடிதம் எழுதிய நமக்கு இது எளிதாகப் புரியும்.

‘வெல்ஃபேர் ஸ்டேட்’ என்ற கூட்டுச்சொல் நார்டிக் நாடுகள் எனப்படும் இந்த வடக்கு ஐரோப்பிய நாடுகளில் பிறந்ததல்ல. ஜெர்மன் மொழியில் அதன் வடிவம் முன்பே உண்டு. 1930களின் தொடக்கத்தில் வலதுசாரிகள் அதை வசையாகவே வீசினார்கள். முந்தைய அரசுகள் நாட்டை ஒருவகை தரும விடுதியாக்கிவிட்டன என்பது 1932இல் ஜெர்மனியின் சான்சலரான (பிரதமர் போன்ற பதவி) ஃபிரான்ஸ் ஃபான் பாப்பனின் குற்றச்சாட்டு. இலவசச் சண்டை எவ்வளவு பழையது பாருங்கள். பிரிட்டனில் பேராயர் வில்லியம் டெம்பிள், ஹிட்லரின் அதிகார அரசுக்கு எதிர்ப்பதமாக வைத்து இந்தச் சொல்லுக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுத்தார். 1942இல் பிரிட்டனின் சமூகக் காப்பீட்டுத் திட்டத்தை வகுத்த பெவரிட்ஜுக்கு இந்தச் சொல்லே பிடிக்காது. எல்லாம் சும்மா கிடைக்கும் என்ற தொனி அதில் இருப்பதாக நினைத்தார். அவர் வகுத்தது எல்லோரும் சந்தா கட்டும் காப்பீடு.

ஸ்வீடன்காரர்கள் தங்கள் முறைக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘ஃபோல்க்ஹெம்’, மக்கள் இல்லம். 1928 ஜனவரியில் சோஷியல் டெமாக்ரட் தலைவர் பெர் ஆல்பின் ஹான்சன் நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சால் அது நிலைத்தது. நல்ல வீட்டில் சலுகை பெற்றவரும் இல்லை, ஒதுக்கப்பட்டவரும் இல்லை. செல்லப்பிள்ளையும் இல்லை, மாற்றாந்தாய்ப் பிள்ளையும் இல்லை என்றார். நான்கு ஆண்டுகளில் பிரதமரானார். சொல் அவர் கட்சியுடையது அல்ல. ருடால்ஃப் ஷெல்லேன் என்ற பழமைவாத அரசியல் அறிஞர் அதை முன்பே புழங்கியிருக்கிறார். வலதுசாரியிடமிருந்து இடதுசாரி எடுத்துக்கொண்ட சொல்லை, இப்போது குடியேற்ற எதிர்ப்புக் கட்சியான ஸ்வீடன் டெமாக்ரட்ஸ் தன் பக்கம் இழுக்கிறது. வீடு என்று சொல்லிவிட்டால் யார் வீட்டார், யார் விருந்தாளி என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

அந்தக் கேள்விக்கு மக்கள் இல்லம் கொடுத்த பதில்களில் ஒன்று கொடியது. 1930களின் நடுவிலிருந்து 1970களின் நடுவரை ஸ்வீடனில் சுமார் 63,000 பேருக்குச் சட்டப்படி கருத்தடை அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. பெரும்பாலோர் பெண்கள், பலர் வற்புறுத்தலால் சம்மதித்தவர்கள், சிலர் சம்மதிக்காமலே செய்யப்பட்டவர்கள். 1999இல்தான் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. இதுவும் சமூக நலம் என்ற பெயரில்தான் நடந்தது. ‘குடும்ப நல அறுவை சிகிச்சை’ என்று போர்டில் படித்துப் பழகிய நமக்கு, ‘நலம்’ என்ற சொல் எதையெல்லாம் போர்த்தும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

‘மக்கள் இல்லம்’ என்பதைவிட உண்மையான பெயர் ஒன்றும் ஸ்வீடிஷில் இருக்கிறது: ‘கூஹண்டல்’. மாட்டு வியாபாரம் என்று பொருள். 1933இல் சோஷியல் டெமாக்ரட்களும் விவசாயிகள் கட்சியும் செய்துகொண்ட பேரத்துக்கு எதிராளிகள் வைத்த கேலிப்பெயர் இது. வேலையில்லாதவர்களுக்கு முழுக் கூலியோடு பொதுப்பணி வேண்டும் என்றார்கள் தொழிலாளர் கட்சியான சோஷியல் டெமாக்ரட்கள். விளைபொருளுக்கு விலைப் பாதுகாப்பு வேண்டும் என்றார்கள் விவசாயிகள். நகரத்துத் தொழிலாளிக்கு வெண்ணெய் விலை ஏறும் என்று தெரிந்தே தொழிலாளர் கட்சி ஒப்புக்கொண்டது. நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்களே, அந்த மாதிரி வெளியே தெரியாமல் தொடங்கி, இரு பக்கமும் முகம் சுளித்துக்கொண்டே கைகுலுக்கிய பேரம்.

டென்மார்க்கில் அதே ஆண்டு ஜனவரி 30இல், கோபன்ஹேகனின் கான்ஸ்லர்கேட் தெருவில் இருந்த பிரதமர் ஸ்டாவ்னிங்கின் வீட்டில் ஓர் ஒப்பந்தம் முடிந்தது. நாணய மதிப்புக் குறைப்பு, விவசாயிகளுக்கு உதவி, கூலி ஒப்பந்த நீட்டிப்பு, சமூகச் சட்டங்கள் எல்லாம் ஒரே பொட்டலம். ஹிட்லர் சான்சலரான அதே நாள். 1938இல் ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்தில் சால்ட்ஷேபாடன் என்ற கடலோர ஊரில் ஸ்வீடனின் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் உட்கார்ந்து, வேலைநிறுத்தம், கதவடைப்பு பற்றிய விதிகளைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். அரசு எழுதித் தந்துவிடுமோ என்ற பயம் இருவரையும் மேசைக்கு இழுத்து வந்தது. இன்றும் ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் கிடையாது. சங்கங்கள் பேசி முடிப்பதுதான் கூலி.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. “அவர்கள் ரத்தத்திலேயே ஒற்றுமை” என்ற பேச்சு நம்மூரில் அதிகம். பின்லாந்து 1918இல் உள்நாட்டுப் போரில் ரத்தம் சிந்திய நாடு. ஸ்வீடனின் ஓடலன் பகுதியில் 1931இல் ஊர்வலம் போன தொழிலாளர்கள்மீது ராணுவம் சுட்டதில் 5 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய எண்பது ஆண்டுகளில் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஸ்வீடன்காரர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ஒற்றுமை முதலில் வந்து, நல அரசு அதன் பிறகு வந்தது என்பது சரியல்ல.

“எண்ணெய்ப் பணம்” என்ற வாதமும் அரைகுறை. வட கடலில் நார்வே எண்ணெய் கண்டது 1969இல். முறை அதற்கு முன்பே நிலைபெற்றுவிட்டது. ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் அந்த எண்ணெய் கிடையாது.

இப்போது பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பின்லாந்தின் மகப்பேற்றுப் பெட்டி அதற்குச் சரியான சான்று. ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே குழந்தைக்கான உடுப்பு, போர்வை, அடியில் சிறு மெத்தை. துணிமணிகளை எடுத்துவிட்டால் அந்தப் பெட்டியே தொட்டில். 1938இல் தொடங்கியபோது ஏழைத் தாய்மார்களுக்கு மட்டும். 1949இல் எல்லோருக்கும் என்று ஆக்கினார்கள், ஒரு நிபந்தனையோடு: கருவுற்ற நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவரையோ தாய்சேய் நிலையத்தையோ பார்த்திருக்க வேண்டும். பெட்டிக்காக வந்த பெண், பரிசோதனைக்குள் வந்துவிட்டாள். ஆலை முதலாளி வீட்டுக்கும் அதே பெட்டி, கூலிக்காரர் வீட்டுக்கும் அதே பெட்டி.

தமிழ்நாட்டில் 2015இல் அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு 16 பொருள்களோடு ஒரு பெட்டகம் வந்தது. அதன் பெயர் ‘அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகம்’. பொருள் நல்ல பொருள், குறை சொல்வதற்கில்லை. பெயரைப் பாருங்கள். ‘அம்மா’ என்று கொடுப்பவர் பெயர் முன்னால், ‘பரிசு’ என்று அவர் மனசு பின்னால். ஃபின்னிஷ் பெயரில் தாய்மையும் பெட்டியும் மட்டும் இருக்கின்றன, கொடுப்பவர் இல்லை. வரி கட்டியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், கதை முடிந்தது.

வரி என்றதும் பேச்சு நின்றுவிடும், ஆனால் முறையின் இதயம் அங்கேதான். டென்மார்க்கில் மதிப்புக்கூட்டு வரி 25 சதவீதம். ரொட்டிக்கும் பாலுக்கும் அதேதான், தள்ளுபடி கிடையாது. பணக்காரனைப் பிழிந்து ஏழைக்குக் கொடுக்கும் ஏற்பாடு என்று நினைப்பவர்களுக்கு இது அதிர்ச்சி. ஸ்வீடன் வாரிசு வரியையும், பணக்காரர்களின் மொத்தச் சொத்து மதிப்பின்மீது போட்ட செல்வ வரியையும் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே எடுத்துவிட்டது. நடுத்தர வர்க்கம் பெருந்தொகை கட்டுகிறது, பெரும்பங்கு திரும்பப் பெறுகிறது. தன் பிள்ளையும் அதே பள்ளியில், தன் அப்பாவும் அதே மருத்துவமனையில் இருப்பதால் தரம் குறைந்தால் சண்டைக்கு வருகிறது. டென்மார்க்கில் நாட்டு வருமானத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வரியாகப் போகிறது. இந்தியாவில் மத்திய, மாநில வரிகளைக் கூட்டினாலும் 20ஐத் தொடாது. இந்த இடைவெளியைப் பேசாமல் ஸ்வீடனைக் காட்டுவது வெறும் மேடைப் பேச்சு.

அப்படியானால் இந்த முறை வேறு நாட்டுக்குப் போகுமா? துண்டு துண்டாகப் போகிறது. ஸ்காட்லாந்து 2017இல் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டது. பேறுகாலச் செவிலியர் மூலம் பதிவு செய்தால் எல்லாத் தாய்க்கும் உண்டு. ‘ஃப்ளெக்சிக்யூரிட்டி’ போன பாடு வேறு. முதலாளி எளிதாக ஆளைக் குறைக்கலாம், வேலை போனவருக்கு முன்பு வாங்கிய சம்பளத்தில் உச்சவரம்போடு 90 சதவீதம் வரை, இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை, கூடவே மறுபயிற்சி. இது டேனிஷ் ஏற்பாடு. 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் இதைப் பொதுக் கொள்கையாக ஏற்றது. அடுத்த ஆண்டே நிதி நெருக்கடி. தெற்கு ஐரோப்பாவில் பல இடங்களில் ஆளைக் குறைக்கும் பாதி வேகமாக வந்தது, தாங்கிப் பிடிக்கும் பாதிக்குப் பணமில்லை. டென்மார்க்கில் அந்த உதவித்தொகையைக் கொடுப்பவை தொழிற்சங்கங்களோடு சேர்ந்து வளர்ந்த காப்பீட்டு நிதிகள். அந்த நிதியையும் சங்கத்தையும் சட்டப்பிரிவோடு பெயர்த்து எடுத்துப்போக முடியாது.

ஆகவே ‘நார்டிக் மாடல்’ என்பதில் ‘மாடல்’ என்ற சொல்லிலேயே எனக்கு உடன்பாடில்லை. பார்த்து அச்சு வார்க்கலாம் என்ற எண்ணத்தை அது கொடுக்கிறது. ‘நார்டிக் முறை’ என்றால் போதும்.

‘வெல்ஃபேர் ஸ்டேட்’டுக்குத் தமிழில் எது பொருந்தும்? ‘பொதுநல அரசு’ என்று பழைய நூல்கள் எழுதுகின்றன. ஆனால் பொதுநல வழக்கு, இலங்கையில் காமன்வெல்த்தைக் குறிக்கும் பொதுநலவாயம் என்று அந்தச் சொல் வேறு வேலைகளுக்குப் போய்விட்டது. ‘நல்வாழ்வு அரசு’ அழகாக இருக்கிறது, ஆனால் தமிழ்நாட்டில் ‘மக்கள் நல்வாழ்வு’ சுகாதாரத் துறையின் பெயர். ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். ‘சேமநல அரசு’ம் உண்டு. சேமம் என்பது வடமொழி க்ஷேமம், இருப்பதைக் காப்பது. காப்பீட்டுக்குப் பொருந்தும் பொருள்தான்; எல்.ஐ.சி. சின்னத்திலேயே ‘யோகக்ஷேமம்’ இருக்கிறது. ஆனால் இன்று யாரும் அதைப் பேச்சில் சொல்வதில்லை.

இலங்கைத் தமிழில் ‘நலன்புரி அரசு’. நலத்தைச் செய்யும் அரசு. சொல்லாக்கமாகப் பார்த்தால் எல்லாவற்றிலும் சிறந்தது. ஆனால் 2009இல் போர் முடிந்து வவுனியாவில் முள்வேலிக்குள் லட்சக்கணக்கானோர் அடைக்கப்பட்டபோது, அந்த முகாம்களுக்கு அரசு வைத்த பெயர் ‘நலன்புரி நிலையம்’, ‘நலன்புரிக் கிராமம்’. அந்த வேலிக்குள் இருந்து, பிறகு ஓஸ்லோவுக்குப் போய்ச் சேர்ந்த ஒருவரிடம் நார்வேயை ‘நலன்புரி அரசு’ என்று எப்படிச் சொல்வது? அங்கே நல அலுவலகத்துக்கு ‘நாவ்’ என்று பெயர். அதிலிருந்து உதவித்தொகையில் காலம் தள்ளுவதைக் குறிக்க ‘நாவெ’ என்று ஒரு வினைச்சொல் கிளம்பி, 2012இல் நார்வேயின் ஆண்டின் சொல்லாகவும் ஆனது. கேலிச்சொல்தான். நல அரசுக்குள்ளும் இலவசச் சண்டை ஓயவில்லை.

எஞ்சுவது ‘மக்கள் நல அரசு’, சுருக்கமாக ‘நல அரசு’. கருத்துக்கு இதையே எழுதலாம். ஆனால் ‘நலத்திட்டம்’, ‘நலத்திட்ட உதவி’ இரண்டையும் இதற்குப் பதிலாகப் போடக் கூடாது; அவை மேடை போட்டுக் கொடுக்கப்படுபவை. ஆங்கிலத்தில் ‘யுனிவர்சல்’ வரும் இடத்தில் ‘அனைவருக்குமான’ என்று எழுதினால் போதும். வறுமைக்கோடு பார்க்காமல் அரிசி தரும் தமிழ்நாட்டு ரேஷன் கடை அந்தச் சொல்லுக்கு நம்மிடமே இருக்கும் உதாரணம்.

இன்னொரு உதாரணமும் உண்டு, யாரும் ஸ்வீடனோடு சேர்த்துப் பேசாதது: கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம். கட்டடச் செலவில் 1 சதவீதம் தீர்வையாக வருகிறது. தொழிலாளர், உரிமையாளர், அரசு என்று மூன்று தரப்பும் வாரியத்தில் உட்கார்கின்றன. உறுப்பினர் பதிவு செய்து, புதுப்பித்து, ஓய்வூதியமும் பிள்ளைகளின் கல்வி உதவியும் கேட்டுப் பெறுகிறார். அங்கே நடக்கும் தாமதமும் அலைச்சலும் ஊரறிந்தவை. ஆனால் சித்தாள் ஒருத்தி அட்டையோடு வரிசையில் நின்று “என் பணம் ஏன் இன்னும் வரலை?” என்று கேட்கிறாளே, கிரைண்டர் வாங்கும் மேடையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கோபன்ஹேகனில் தன் காப்பீட்டு நிதி அலுவலகத்துக்குப் போகிறவரும் அதைத்தான் கேட்கிறார்.