பழைய பிக்கப் வண்டியும் சென்னைத் தண்ணீரும்

சென்னையில் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய பிக்கப் ஒன்று பட்டறைக்கு வந்தால், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்பதற்கு முன், இத்தனை நாள் எந்தத் தண்ணீரில் ஓடியது என்று கேட்பது நல்லது. கோயம்பேட்டுக்குக் காய்கறி அடிக்கும் வண்டியும் காசிமேட்டில் மீன் ஏற்றும் வண்டியும் ஒரே வருஷ மாடலாக இருக்கும். அடியில் படுத்துப் பார்த்தால் ஒன்று தம்பி, இன்னொன்று தாத்தா.

ரேடியேட்டரில் ஊற்றிய போர் தண்ணீர், டீசலில் இறங்கிய ஈரம், பிரேக் ஆயில் உறிஞ்சிய ஈரம், சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீர், கடல் காற்றின் உப்பு. பழைய வண்டியின் பெரிய செலவுகளைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் இவற்றில் ஒன்று அடியில் இருக்கும். 2005-இல் வந்த குட்டி யானை என்னும் டாடா ஏஸில் தொடங்கி டாடா 207, மஹிந்திரா பொலிரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த் வரை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ரேடியேட்டரில் இருந்து ஆரம்பிப்போம்

"நம்ம ஊர்ல தண்ணி உறையவா போகுது, கூலன்ட் எதுக்கு?" என்று டிரைவர்கள் கேட்பது வழக்கம். உறையாதுதான். ஆனால் கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் மருந்தும் இருக்கிறது, நமக்கு வேண்டியது அது. சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் இன்ஜின் பிளாக்கின் உள்சுவரிலும் படிகிறது. உப்பு, பிளாக்கில் உள்ள தகட்டு மூடிகளையும் வாட்டர் பம்பின் இறக்கைகளையும் அரிக்கிறது.

வண்டி ஹீட் ஆகிறது என்றால், எப்போது ஆகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் முள் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்கள். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு அமுங்கலாம்; அதைவிட அதிகம் தொய்ந்தால் இறுக்க வேண்டும். லோடோடு மேம்பாலம் ஏறும்போது முள் ஏறினால் ரேடியேட்டரில் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஓடி வந்து இன்ஜினை நிறுத்தியதும் ஃபேன் முழுதும் நின்ற பிறகு, ரேடியேட்டர் கூட்டின் மேல் உள்ளங்கையைப் படாமல் நகர்த்திப் பாருங்கள். அனல் அடிக்காத இடத்தில் தண்ணீர் ஓடவில்லை. ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிஷத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். கேஸ்கட் போயிருந்தால், இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் தண்ணீர் ஆயிலுக்குள்ளேயே போய்விட்டது என்று அர்த்தம்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. அதில் 0.9 என்று அடித்திருந்தால் 0.9 பார் அழுத்தம் வரை அது தாங்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, ஏறக்குறைய 118 டிகிரி வரை நிற்கும். ரப்பர் வெடித்த மூடியைப் போட்டு ஓட்டினால் அந்த 18 டிகிரியும் போச்சு. மூடி மாற்றும் செலவு, ஹெட் இறக்கும் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

தண்ணீர் சூடேறிய பிறகே ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. கழற்றினால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். அதுவரை டீசல் சரியாக எரியாது, மைலேஜ் குறையும், சிலிண்டரின் உள்சுவரான லைனர் தேயும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியையும் மூடுகிறது. அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, சூடு கூடத்தான் செய்யும். சந்தேகம் இருந்தால் தண்ணீர்ச் சட்டியில் கம்பியில் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். அதன் மேல் அடித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும்.

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடும் பழக்கமும் உண்டு. அது ஒழுகலை அடைக்கும், அடைக்க வேண்டாத குழாய்களையும் சேர்த்து. நடுவழியில் வேறு வழியில்லை என்றால் கேன் தண்ணீரை ஊற்றி வீடு வந்து சேருங்கள், பிறகு கழுவிவிட்டுக் கூலன்ட் நிரப்புங்கள். ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றவே கூடாது; போர் தண்ணீரின் உப்பு முழுதும் அதில்தான் திரண்டிருக்கிறது. ரெடிமிக்ஸ் கூலன்ட்டில் எதையும் கலக்க வேண்டாம். கெட்டியாக வருவது என்றால் டப்பாவில் போட்ட விகிதத்தில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். பித்தளை ரேடியேட்டர் என்றால் மேல் டேங்கைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். அலுமினியக் கூடு, பிளாஸ்டிக் டேங்க் என்றால் அது முடியாது. ஆசிட் ஊற்றவும் கூடாது, மாற்றுவதுதான் வழி.

டீசலில் தண்ணீர்

காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஓடும்போது திடீரென்று இழுவை இருக்காது, வெள்ளைப் புகை தள்ளும். டீசல் பம்ப், டீசலைப் பீச்சும் நாஸில் என்று பேச்சு எழும் முன் டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால் லிட்டர் பிடித்துப் பத்து நிமிஷம் வையுங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தனியாகக் கோடு போட்டு நிற்கும். அரை டேங்கோடு இரவெல்லாம் நிற்கும் வண்டியில் டேங்கின் உள்சுவரில் ஈரம் வியர்த்து இறங்குகிறது. அதனால் மழை மாதங்களில் மாலையிலேயே டேங்கை நிரப்பி நிறுத்துவதும், வாரம் ஒருமுறை வடிப்பதும் நல்லது.

ஃபில்டர் மாற்றிய பிறகு ஏர் லாக், அதாவது குழாயில் சிக்கிய காற்றை, எடுக்க வேண்டும். ஃபில்டர் தலையில் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கையால் டீசல் ஏற்றும் பிரைமரைக் குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை அடித்து, டீசல் வழியும்போதே திருகை இறுக்குங்கள். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் நாஸில் குழாய் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி செல்ஃப் அடிக்கலாம். எல்லா நாஸிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய் டீசல் தரும் காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. அந்தக் குழாயில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் போகும், பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். செல்ஃபை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். ஒரு நிமிஷம் இடைவெளி விடுங்கள்.

கறுப்புப் புகைக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பு, நாஸில் கோளாறு அல்லது அளவுக்கு மீறிய லோடு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

பிரேக்கில் ஒளிந்திருப்பது

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தரவிதி, நூற்றில் 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4 என்றால் 230-இலிருந்து 155. லோடோடு அடிக்கடி பிரேக் பிடித்து பிரேக் டிரம் சூடேறினால், உள்ளே ஆவியாகிப் பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகும். ஆறியதும் சரியாகிவிடுவதால் யாரும் நம்பவும் மாட்டார்கள். அதே ஈரம் சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரின் உள்ளே துருப் புள்ளிகளை உண்டாக்கி, கப் ரப்பரை அறுக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். நம் ஊர் ஈரக் காற்றில் பழைய வண்டிக்கு வருஷம் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் உள்ள சக்கரத்திலிருந்து, அதாவது பொதுவாகப் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசையில் காற்றெடுக்க வேண்டும். திறந்து வைத்த பழைய டப்பாவை ஊற்றாதீர்கள். பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ இன்ஜின் ஆயிலையோ தவறி ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும், ஒரு ரப்பர் விடாமல் மாற்ற வேண்டியிருக்கும்.

பின் அச்சுக்கு மேல் லோடுக்கு ஏற்பப் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு சில வண்டிகளில் உண்டு. துருப்பிடித்து நின்றதும் அதைக் கம்பியால் கட்டி வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்த வண்டி, மழையில் காலியாக வரும்போது பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வாலை வீசும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் நகரில் வண்டிகள் மூழ்கின. ஒரு பெருமழைக்கே வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பிவிடும். தண்ணீர் சக்கரத்தின் நடு மையத்துக்கு மேல் இருந்தால் வண்டியை இறக்காதீர்கள். இறங்கி, நடுவில் நின்றுவிட்டால் செல்ஃப் போடாதீர்கள். இன்ஜின் சிலிண்டருக்குள் போன தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. பிஸ்டன் அதை மோதியதும் கனெக்டிங் ராடு வளையும். தண்ணீர் மட்டும் போயிருந்தால் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும் வேலை, ஒரு செல்ஃபில் முழு இன்ஜின் வேலையாகும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கட்டி இழுத்து வாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். காகிதம் நனைந்திருந்தால் ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கையோ நாஸிலையோ கழற்றி, பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியை ஸ்பேனரால் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். துளை வழியே தண்ணீர் வெளியேறிய பிறகுதான் செல்ஃப். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, கால் மணி நேரம் ஓடவிட்டு, மறுபடியும் ஆயில் மாற்றுங்கள். முதல் ஆயில் உள்ளே இருந்த ஈரத்தைக் கழுவ மட்டுமே.

இதைச் செய்பவர்களும் மறப்பது பின் ஹவுசிங்கை, அதாவது பின் அச்சின் பல்சக்கரக் கூட்டை. ஓடிச் சூடாக இருக்கும் ஹவுசிங் சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கி, மூச்சுத் துளை வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் வெளித் தண்ணீரை உறிஞ்சும். இரண்டு மூன்று மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் உள்ளே உள்ள கிரௌன் பினியன் பல்சக்கரம் ஊளையிட ஆரம்பிக்கும். வண்டியை ஓர் இரவு நிறுத்திவைத்து, காலையில் வடிகால் நட்டை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். முதலில் தண்ணீர் சொட்டினாலோ ஆயில் பால் காப்பி நிறத்தில் வந்தாலோ முழுதும் மாற்ற வேண்டும். கியர் பாக்ஸையும் இப்படியே பாருங்கள். முன் சக்கர ஹப்பைத் திறந்து பழைய கிரீஸைக் கழுவி, புது கிரீஸ் அடைக்க வேண்டும். முன் சக்கரம் திரும்பும் கிங் பின், ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்ட், பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) சேஸியோடு இணைக்கும் ஷாக்கிள்களுக்கு அழுக்குக் கிரீஸ் வெளியே தள்ளி, புதிது எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும்.

உப்பும் துருவும்

மீன் லோடில் ஐஸ் உருகி ஒழுகும் உப்புத் தண்ணீர், தொட்டித் தரைக்கும் சேஸிக்கும் நடுவே போய்த் தங்குகிறது. சிறு சுத்தியலால் சேஸி நெடுகத் தட்டுங்கள். கணீர் என்று கேட்டால் சரி, சொத்தென்று கேட்ட இடத்தைச் சுரண்டுங்கள். துருவின் மேல் பெயின்ட் அடித்தால் துரு உள்ளேயே வளரும். கம்பி பிரஷ் போட்டு, ரெட் ஆக்ஸைடு, அது காய்ந்த பின் கறுப்பு. வேஸ்ட் ஆயில் பூசுவது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், தெருவையும் நாசமாக்கும். எட்டு வருஷம் தாண்டிய வாடகை வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வருஷா வருஷம் என்பதால், இந்த வேலையை அதற்கு ஒரு மாதம் முன்பே முடித்துக்கொள்ளலாம்.

பட்டை உடைந்ததும் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது இன்னொரு வழக்கம். வண்டி தொங்காது, உண்மைதான். ஆனால் அச்சும் பிரேக்கும் சேஸியும் பழையவைதானே? பட்டையை அச்சோடு பிணைக்கும் யு போல்ட் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும், லோடோடு 500 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி இறுக்க வேண்டும்.

உப்புக் காற்று எர்த் கேபிளையும் தின்னும். செல்ஃப் 'டிக் டிக்' என்று மட்டும் அடித்தால் மோட்டாரைக் கழற்றும் முன், பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வைத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் கோளாறு. ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும்.

பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய கதவு, பம்பர், கண்ணாடி, ஹவுசிங் கூடு வாங்கலாம், காசு மிச்சம். பழைய வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ், யு போல்ட், கிங் பின், ஸ்டீயரிங்கின் டை ராடு எண்ட் மட்டும் வேண்டாம். செல்ஃப் மோட்டார் வாங்கினால் அங்கேயே பேட்டரி வைத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஹவுசிங் வாங்கினால் மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். விரலில் செம்பழுப்புத் துரு ஒட்டினால் அந்த வண்டியும் எங்கேயோ தண்ணீரில் நின்றதுதான்.